விருப்பம் என்ற சொல்

நாற்பத்தாறு வயதில், இந்த அமெரிக்கத் தடுப்பு முகாமில்தான் நான் எழுத்துக் கற்றேன். சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஸ்பானிய மொழியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். பாத்திரம் தேய்க்கும்போது எதிரே அதுதான் இருக்கும். அதில் நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த சொல் 'விருப்பம்'. இங்கே வேலை செய்வது அவரவர் விருப்பமாம்.

முகாமை நடத்துவது ஒரு கம்பெனி. சமைப்பது, துடைப்பது, துணி வெளுப்பது எல்லாம் அடைபட்டுக் கிடக்கும் நாங்கள். நாள் முழுக்கச் செய்தால் ஒரு டாலர். விருப்பமில்லை என்று எவனாவது சொன்னால் தனியறையில் போட்டுப் பூட்டுவார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் குழி. குழிக்குள் போனவனுக்குத் தொலைபேசி இல்லை, வக்கீல் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் பால்தசார். என்னைப் போலவே குவாத்தமாலா மலைக்காரன், கோழி வெட்டும் ஆலையில் குடியேற்றத் தாள் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டவன். மாம் என்ற மலைமொழி பேசுவான், என் மொழி வேறு; ஸ்பானியம் அரைகுறை, எழுத்து சுத்தமாகத் தெரியாது. மனைவி எலோதியாவும் ஆறு வயது மகளும் வெளியே இருந்தார்கள். வியாழக்கிழமை அவன் வழக்கு. அவர்களோடு இருக்க விடுவார்களா, ஊருக்குத் துரத்துவார்களா என்று அன்று தெரியும்.

திங்கள்கிழமை சமையலறையில் ஒருவன் கையில் கொதிக்கும் பீன்ஸ் கொட்டிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார் என்றார்கள். நாங்கள் எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டோம். மதியம் காவலன் ரொசாடோ வந்தான், கூடவே குடியேற்ற அதிகாரி ஒருவர், கையில் ஒரு கட்டுத் தாள். விருப்பத்தோடுதான் வேலை செய்கிறோம் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பால்தசார் தன் தாளை என்னிடம் நீட்டினான். "யோவ் படிப்பாளி, என்னய்யா போட்டிருக்கு?"

தலைப்பில் 'விருப்பம்' கண்ணில் பட்டது. பக்கத்தில் இன்னொரு சொல். எழுத்துக்கூட்ட நேரமில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதே பாட்டுதான். நாம ஆசப்பட்டுத்தான் வேலை செய்யிறோமாம்."

"அடேங்கப்பா! என் கல்யாணத்துலகூட எவனும் என் விருப்பத்தக் கேக்கல."

வரிசை முழுக்கச் சிரித்தது. ரொசாடோவும் சிரித்தான்.

"போட்டுட்டு வாய்யா. வியாழக்கெழம நீ குழியில கெடந்தா வழக்குக்கு யாரு போவா?" என்றேன்.

பால்தசார் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்து, அதன் நகலை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை சமையலறைப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ரொசாடோவிடம் கேட்டேன்.

"அவனுக்கு இனி எதுக்கு வேலை? ஊருக்குப் போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டானே. விருப்பப் புறப்பாடு."

பால்தசார் தலையணைக்கு அடியில் வைத்திருந்த நகலை வாங்கி விரலை வைத்துப் படித்தேன். புறப்பாடு. அந்த ஒரு சொல்லைத்தான் நான் விட்டிருந்தேன்.

"என்னய்யா இது? நான் போறேன்னு எப்பச் சொன்னேன்?" என்றான் அவன்.

"உன் தாள மட்டும் மாத்தி வெச்சு ஏமாத்திட்டானுங்க" என்றேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. படிப்பாளி என்று இந்தக் கூடத்தில்தான் என்னை முதன்முதலில் ஒருவன் கூப்பிட்டான்.

அன்று மாலை நீதிபதிக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாயிற்று. நான்காவதில் எழுதினேன்: 'ஐயா, பால்தசாருக்குப் படிக்கத் தெரியாது. வேலைத் தாள் என்று சொன்னது நான். எனக்கும் சரியாகப் படிக்கத் தெரியாது. நிக்கனோர்.' புதன்கிழமை வந்த அவன் வக்கீலம்மாவிடம் கொடுத்தேன். அவனிடம் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை முகாமிலிருந்தே காணொளித் திரையில் நீதிபதியைப் பார்த்துவிட்டு வந்தவன் என் தோளில் ஓங்கித் தட்டினான்.

"தப்பிச்சே போ!"

"என்னாச்சு?"

"உன் பேரச் சொல்லிக் கேக்குறாரு அந்த ஆளு. நிக்கனோர்தான் உன்னக் கையெழுத்துப் போடச் சொன்னானான்னு. உன்னக் குழியில தள்ளத்தான் பாக்குறாங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் விடுவேனா? இல்லீங்கய்யா, அவன் ஒண்ணுமே சொல்லல, நானாத்தான் போட்டேன்னுட்டேன். வக்கீலம்மா என்னமோ கத்துச்சு, நான் காதுலயே வாங்கல."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அத எழுதினது நான்தான்யா."

"எத?"

"என் பேர எழுதி அனுப்பினதே நான்தான். நெசத்தச் சொன்னா உன்ன விடுவாங்கன்னு. அன்னிக்கு அந்தத் தாள நான் முழுசாப் படிக்கல. ஒத்தச் சொல்லப் பாத்துட்டுச் சொல்லிட்டேன். எல்லாரும் பாத்தாங்க, கூச்சம்."

அவன் மாம் மொழியில் திட்டினான். எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

"இத முந்தாநேத்துச் சொல்றதுக்கென்ன? ஒரு வார்த்த. ஆமான்னு சொல்லிட்டு வந்திருப்பேனே."



"முடிவு எப்பவாம்?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழம. வக்கீலம்மா கெஞ்சி நாள் வாங்கிச்சு." என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "தாள எடு. இப்ப நான் சொல்றத எழுது. எழுதி முடிச்சு எனக்குப் படிச்சுக் காட்டு. ஒரு எழுத்து வுடக்கூடாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, என்ன?"

"சரி."

"'ஐயா, நேத்து நான் பொய் சொன்னேன்'னு எழுது."

"நேத்து இல்ல, இன்னிக்கு."

"இன்னிக்குன்னே எழுது."

ரொசாடோ வாசலில் நின்று சமையலறை ஆட்களைக் கூப்பிட்டான். என் பெயரை இரண்டு முறை சொன்னான்.

"கொஞ்சம் பொறு, விருப்பம் வரட்டும்" என்றான் பால்தசார், வாசலைப் பார்த்து. நான் 'ஐயா' என்று எழுதிவிட்டு அடுத்த எழுத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.