ஏரம்பரின் ஒரே படம்

விசுவமடுவில் ஏரம்பரைப் படம் பிடிப்பதைவிடக் காட்டுமுயலைப் பிடிப்பது சுகம். அவருடைய தமையன் ஒருவர் ஆசைப்பட்டு ஸ்ரூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்து, அந்தப் படம் கைக்கு வருமுன்னே கண்ணை மூடிவிட்டார். அன்று தொடக்கம் கமராவைக் கண்டால் ஏரம்பர் எழும்பி நடந்துவிடுவார். அடையாள அட்டைக்குப் படம் கேட்டு வந்த விதானையாரையும், "நான் ஆரெண்டு எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும், பிறகென்ன?" என்று திருப்பி அனுப்பியவர். இத்தனைக்கும் அவருக்கு வாய்த்த மருமகன் யோகலிங்கம் படக்காரன். வயல் வேலை போக மிச்ச நேரமெல்லாம் கல்யாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று கமராவோடு சைக்கிளில் திரிபவன்.

ஒருநாள் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திய ஏரம்பர் குந்தியபடியே போய்விட்டார். செத்தவீட்டில் எல்லாரும் யோகலிங்கத்தைப் பார்த்தார்கள். அவன் அசையுமுன்னே மகள் கமலாசனி சொல்லிவிட்டாள்.

"உயிரோடை இருக்கேக்கை வேண்டாமெண்டவர். இப்பவும் வேண்டாம்."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள்தான் யோகலிங்கம் மெல்ல வாயைத் திறந்தான்.

"கமலா, கோவிக்காதையும். மாமாவை நான் ஒருக்கா எடுத்தனான்."

நல்லதம்பியரின் மகளுடைய கல்யாணத்துக்குப் போட்ட பிலிம் சுருளில் ஒரு படம் மிஞ்சியிருந்ததாம். பொழுதுபடுகிற நேரம் மாமா மாட்டுக்கொட்டிலுக்குள் இருந்தாராம். இவன் குசினி யன்னலில் கமராவை வைத்து, ஒளித்து நின்று எடுத்தானாம். யாழ்ப்பாணத்திலிருந்து மருந்து வரப் பிந்தியதால் சுருள் இன்னும் கழுவாமல் கிடந்தது.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"போறதுக்கு முதற்கிழமை."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த கமலாசனியின் கை சுளகோடு நின்றுவிட்டது. ஐயா பயந்தபடியே நடந்திருக்கிறது. அதுவும் அவர் மகள் வீட்டுக்குள்ளே, மருமகன் கையால். புருசன்மேல் அவளுக்குக் கோபம் கோபமாய் வந்தது. அதே நேரம், ஐயாவின் முகத்தை இன்னொருமுறை பார்க்கலாம் என்ற ஆசையும் வந்தது. அந்த ஆசைக்காகத் தன்மேலும் கோபம் வந்தது.

"மருந்து வந்திட்டுது. நான் கழுவட்டோ?"

"நீங்கள் தொடவேண்டாம்."

அந்த வீட்டில் எடுப்பது அவன், கழுவுவது அவள். யோகலிங்கம் ஆக்கப் பொறுத்தாலும் ஆறப் பொறுக்காத பேர்வழி. மருந்தில் கிடந்த சுருளைப் பாதியில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துப் பழுதாக்கியவன். கமலாசனி நெல்லறையின் இடுக்கெல்லாம் சாக்கால் அடைப்பாள். மண்பானைத் தண்ணீரில் கரைத்த மருந்தை அகலக் கோப்பையில் ஊற்றி, கும்மிருட்டில் சுருளின் இரு முனையையும் இரண்டு கையில் பிடித்து, மருந்துக்குள் ஏற்றி இறக்குவாள். இருட்டில் மணிக்கூடு பார்க்க முடியாது. அதற்கு அவளிடம் ஒரு பதிகம் இருந்தது. காலையில் விளக்கேற்றிச் சொல்லும் வேகத்தில் அதைச் சொல்லி முடித்தால், மருந்தும் தன் வேலையை முடித்திருக்கும். ஒருநாளும் பிழைத்ததில்லை.

அன்று பின்னேரம் நெல்லறைக் கதவைச் சாத்தி, சுருளை மருந்தில் இறக்கிப் பதிகத்தைத் தொடங்கினாள். வாயில் வந்ததோ செத்தவீட்டு இழுவை. ஒரு கிழமையாகச் சனத்தோடு இருந்து ஒவ்வொரு சொல்லையும் நீட்டி நீட்டிப் பாடிய நாக்கு அதை விடவில்லை. அது அவளுக்குத் தெரியவுமில்லை. யாரும் பார்க்காத இருட்டு என்ற துணிவில் அழுதழுது பாடினாள்.

கடைசிப் பாட்டுக்கு வந்தபோது வெளியில் யோகலிங்கம் செருமினான். "என்னப்பா, இன்னும் முடியேல்லையோ?"

அப்போதுதான் அவளுக்குத் தன் கை விட்டுப்போகிற மாதிரி வலிப்பது உறைத்தது. அவசர அவசரமாகச் சுருளைத் தண்ணீரில் அலசி அடுத்த மருந்தில் போட்டாள்.

வெளியே கொண்டுவந்து பார்த்தால் கல்யாணப் படங்களெல்லாம் காகமாய்க் கறுத்துக் கிடந்தன. சுருள் இப்படிக் கறுத்தால் கடதாசியில் ஆட்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வருவார்கள். யோகலிங்கம் தலையில் கைவைத்தான்.

"நல்லதம்பியருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

கமலாசனி கடைசிப் படத்தைப் பார்த்தாள். அது மட்டும் கறுக்கவில்லை. மெல்லிய சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் தெரிந்தது. யோகலிங்கமும் கிட்ட வந்து பார்த்தான்.

"கொட்டில் இருட்டுக்கு வழமையான நேரம் காணாது. நீர் பிந்தினபடியால்தான் இவ்வளவாவது வந்திருக்கு."

கல்யாணப் படங்களை அவன் பயந்து பயந்துதான் கொண்டுபோய்க் கொடுத்தான். நல்லதம்பியரின் மனைவி அன்னபாக்கியம் மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிள்ளை கறுப்பெண்டு கதைச்சவை இதைப் பாக்கவேணும்" என்று மகிழ்ந்து வாங்கிக்கொண்டாள்.

ஐயாவின் படத்தை மட்டும் கமலாசனி கடதாசியில் அடிக்க விடவில்லை. அந்த முகத்தில் என்ன இருக்குமோ என்று அவளுக்குப் பயம். முப்பத்தோராம் நாள் நெருங்க, இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் போடப் படம் வேண்டும் என்று உறவுக்காரர் நெருக்கினார்கள். வேறு வழியில்லாமல் அவளே நெல்லறைக்குள் போனாள். சிவப்புத் தாள் சுற்றிய லாம்பு வெளிச்சத்தில், படம் பதித்த கடதாசியை மருந்தில் அமிழ்த்தினாள். யோகலிங்கம் பின்னால் நின்றான்.

முதலில் கொட்டிலின் இருட்டு வந்தது. பிறகு மீசை, புருவம், கண். மாட்டுக்கு வைக்கோல் போடுகிற நேரம் வெறும் மேலோடு நிற்கிற மனிதர், படத்தில் சால்வையை மடித்துத் தோளில் போட்டிருந்தார். தலைமயிர் தண்ணீர் தொட்டு வாரியிருந்தது. இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. கண் நேரே குசினி யன்னலைப் பார்த்தது.

"நான் ஒளிச்செல்லோ நிண்டனான்" என்றான் யோகலிங்கம்.

கமலாசனி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எவ்வளவு நேரம் கமராவைத் திறந்து வைச்சனீங்கள்?"

"இருட்டெண்டபடியால் கொஞ்சம் கூடத்தான். ஆள் மூச்சு விட்டாலே கலங்கியிருக்கும்."

ஒரு மயிர்கூடக் கலங்கவில்லை. கமலாசனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஐயா மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார்" என்றாள்.