நுக்குயி முகத்து ரயில்

டோக்கியோவிலிருந்து எங்கள் மலை ரயில்பாதைக்கு வந்த பழைய மின்ரயில் பெட்டிகள் இரண்டுக்கும் முகமே கிடையாது. ஓட்டுநர் அறை உள்ள பெட்டிகளைக் காசுள்ள கம்பெனிகள் கொத்திக்கொண்டு போய்விட்டன. எங்களுக்கு மிஞ்சியவை நடுப்பெட்டிகள். ஓட்டுநர் அறையை நாங்களே செய்து ஒட்ட வேண்டியிருந்தது.

பணிமனை மேஸ்திரி நுக்குயி படம் வரைந்தார். வெல்டிங் என் வேலை. வளைந்த தகடு கட்டுப்படியாகாது என்று தட்டையான தகட்டையே வைத்தோம். எட்ட எட்ட இரண்டு சின்ன ஜன்னல்கள், கீழே நீளமாக ஒரு கைப்பிடிக் கம்பி. பெயிண்ட் காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா இளிப்பு, குவாபாரா?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. போய்க் கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாருங்க."

அகன்ற முகம், விலகி நிற்கும் கண்கள், கோடாக இறுகிய வாய். அச்சு அசல் அவரேதான்.

அந்த முகத்தை மாற்ற அனுமதி கேட்டு மேஸ்திரி முதலாளி ஒரிகாசாவிடம் போய் நின்றார்.

"இருபது வருஷமா உங்க மூஞ்சிய நாங்க சகிச்சுக்கலையா? ஊரும் பழகிக்கும்" என்றார் முதலாளி.

ஆத்திரத்தில் மேஸ்திரி ஜன்னல்களுக்குக் கீழே சிவப்புப் பட்டை ஒன்று அடித்தார். இப்போது அது குடித்துவிட்டு வந்த நுக்குயியைப் போல இருந்தது.

தொடக்க விழாவில் பள்ளிப் பெண்கள், "நுக்குயி மாமா வர்றாரு!" என்று கத்தினார்கள். அவர் மனைவி சாயோ எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "வீட்டுல ஒண்ணு இருக்கிறது பத்தாதா? இது வேறயா!"

மேஸ்திரி அன்று முழுவதும், ரயிலுக்கு அடியில் நின்று பழுதுபார்க்கும் பணிமனைக் குழிக்குள் இருந்து வெளியே வரவில்லை. சோற்றுப் பெட்டியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அவ்வளவு கோரமாவா இருக்கேன்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "ரயிலுக்கு எடுப்பா இருக்கு மேஸ்திரி" என்றேன்.

"போம்மா, வேலயப் பாரு."

ஜனவரியில் ஒரு காலை, கணவாய்க்குக் கீழே பனியில் அந்த ரயில் சிக்கிக்கொண்டது. நானும் அவரும் இன்னும் நாலு பேரும் மண்வாரிகளோடு முழங்காலளவு பனியில் நடந்தோம். உள்ளே ஜனங்கள் விறைத்துப்போயிருப்பார்கள் என்று எனக்குப் பயம்.

கதவைத் திறந்தால் வெந்நீர்க் குளியலறை போல் அனல் அடித்தது. இருபத்திரண்டு பயணிகளும் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். விவசாயி ஒருவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"டோக்கியோ ஹீட்டர் இங்க ஒரு பூனையக்கூட சூடாக்காது. அதான் ரெண்டு மடங்கா வெச்சேன்" என்றார் மேஸ்திரி. எங்கள் யாரிடமும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை.

பயணிகள் கைதட்டினார்கள். அவர் முகம் சிவந்துபோனது.

"தட்டினது போதும். கதவ மூடுங்கய்யா, சூடெல்லாம் வெளிய போகுது!"

இரண்டு மணி நேரம் பனியை அள்ளினோம். ரயில் நகர்ந்ததும் மேஸ்திரி பூட்ஸைக் கழற்றிவிட்டு இருக்கையில் சாய்ந்தார். வாயைப் பிளந்து குறட்டைவிடத் தொடங்கினார். கடைசி நிலையத்தில் யாரும் அவரை எழுப்பவில்லை. அதே ரயிலில் இன்னொரு தடவை மலையேறிப் போனார்.