முல்லை என்று சொன்னார்கள்

பூக்கட்டும். முதல் பூ என் தலையில்தான். அவளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. படத்துக்குக்கூட வைக்கமாட்டேன்.

அரிசி கழுவிய தண்ணீரைக் கொடியின் வேரைச் சுற்றி ஊற்றும்போதெல்லாம் கத்தரீனாள் இதைத்தான் நினைத்துக்கொண்டாள். மார்ச் மாத வெயிலில் சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களே வாடிக் கிடந்தன. வீட்டுக் கிணற்றில் அடிமண் தெரிந்தது. துணி துவைத்த தண்ணீரைக் கழிப்பறைக்கு எடுத்துவைத்துப் புழங்கினார்கள். ஆனாலும் வேலியோரம் கொய்யா மரத்தில் ஏறிக் கிடந்த அந்த ஒல்லிக் கொடிக்கு அவள் ஒருநாளும் தண்ணீர் தவறவிடவில்லை. பார்க்கிறவர்கள் பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் கணவன் வேதமுத்துவும் அப்படித்தான் நினைத்தான்.

தை மாதம் இராயப்பன்பட்டிக் கோவிலில் தாலி கட்டி அவன் அவளை எல்லை தாண்டி மலையாளத்து மலைக்கு அழைத்துவந்தான். அவளுக்கு முப்பத்தைந்து வயதில் நடந்த கல்யாணம். அவனுக்கு இது இரண்டாவது. முதல் மனைவி பின்சி மஞ்சள்காமாலையில் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் தனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்பதற்குக் கத்தரீனாள் மனதைத் தயார்செய்துகொண்டுதான் வந்தாள். அலமாரியில் சேலைகள் இருக்கும், சுவரில் படம் இருக்கும், அடுக்களையில் அவள் பெயர் வெட்டிய பாத்திரம் இருக்கும் என்று நினைத்தாள். அப்படி எதுவும் இல்லை. சேலைகளைப் பின்சியின் தங்கை சிஞ்சு எடுத்துப்போயிருந்தாள். படம் உள்ளறைக்குப் போயிருந்தது. வேதமுத்து பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து வைத்திருந்தான். ஆனால் தோட்டத்தை மடித்துப் பெட்டியில் வைக்க முடியாதே.

பின்சி ஒவ்வொரு பருவத்திலும் வந்தாள். வெறும் மண்ணென்று நினைத்த இடத்தில் ஒரு கோடை மழை பெய்ததும் டேலியா கண் திறந்தது. பாதையோரம் காசித்தும்பை தானாக முளைத்தது. பக்கத்து வீட்டு ஜிஜி வேலிக்கு மேலாக ஒரு பிடி அவரையை நீட்டி, "பின்சிப் பயறாணு. நல்ல ருசியா இருக்கும்," என்றாள். அந்தச் சரிவில் இருந்த எல்லா வீட்டிலும் அந்த அவரைக்கு அதுதான் பெயர். கத்தரீனாள் அதைப் பொரியல் செய்தாள். வேதமுத்து இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் தன் தட்டில் போட்டுக்கொள்ளவில்லை.

செடிகள் போதாதென்று சட்டங்களும் இருந்தன. உச்சிக் கிளைக் கொய்யாவைப் பறிக்கக்கூடாது, அது கொண்டைக்குருவிகளுக்கு. சருகைக் கூட்டி எரிக்கக்கூடாது, அது தவளைக்கும் மண்ணுக்கும். கல்தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கவேண்டும். எஸ்டேட்டில் ஏலத்துக்கு மருந்தடிக்கிற வேலை வேதமுத்துவுக்கு. மருந்துப் பம்பு வேலிக்கு உள்ளே வரக்கூடாது. அந்தச் சட்டையைக் காப்பிச் செடிமேல் போட்டு, வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குள் நுழைவான். யார் சொல்லி இதெல்லாம் என்று கத்தரீனாள் கேட்டதில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு அவன் தலையில் தண்ணீர் ஊற்றுவதைச் சன்னல் வழியாகப் பார்ப்பாள். உயிரோடு இருக்கிற நான் சொல்லி இவன் ஒன்றையாவது இப்படிக் கேட்பானா என்று நினைப்பாள்.

கொடியைப் பற்றி முதலில் சொன்னதும் ஜிஜிதான். வந்த புதிதில் கத்தரீனாள் அரிவாளோடு வேலியோரம் நின்றபோது, "அய்யோ, அது மாத்ரம் தொடண்டா. பின்சி நட்ட முல்லயாணு," என்று பதறினாள்.

முல்லை. கத்தரீனாளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இலை முல்லைபோல இல்லைதான். ஆனால் மலைக்கு வந்தால் எல்லாச் செடியும் முகம் மாறிவிடுகிறது. ஊர்க் கத்தரிக்காய்கூட இங்கே வேறு மாதிரிக் காய்க்கிறது. அவள் யோசித்ததெல்லாம் வேறு. முல்லை என்றால் தலை. தலை என்றால் அதைப் பார்க்கிற கண். சாயங்காலம் அவன் வேலை முடிந்து குளித்து வரும்போது ஒருத்தி அதைத் தொடுத்துவைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அந்த வாசனை எவ்வளவு தூரத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். கத்தரீனாள் ஊரிலிருந்து ஒரு மல்லிகைப் பதியன் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். மாட்டுச்சாணம் கரைத்து ஊற்றினாள், முட்டை ஓட்டை நுணுக்கிப் போட்டாள். ஜூன் மழை வந்தது. விடாமல் பெய்தது. மல்லிகை வேரழுகிக் கறுத்தது. வேலியோரத்துக் கொடியோ கொய்யாவின் பாதி உயரம் ஏறிவிட்டது.

ஆகஸ்டில் மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் அது பூத்திருந்தது. கத்தரீனாள் கிட்டப்போய்ப் பார்த்தாள். சுருட்டுக் குழாய்போல வளைந்த, பச்சையும் தவிட்டு நிறமுமான சின்னப் பூ. முகர்ந்தாள். குமட்டியது.

அன்று ஞாயிறு. வேதமுத்து சருகுக் குழியில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, இது என்ன முல்ல? செத்த எலி மாதிரி நாறுது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கையிலிருந்த பூவைப் பார்த்தான். பிறகு சிரித்தான். கல்யாணமான இத்தனை மாதத்தில் அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"அடி கத்தரி! தலையில வைக்கலாம்னு இருந்தியா?"

"ஜிஜிதான் முல்லன்னாங்க."

"ஈஸ்வரமுல்லன்னு சொல்லிருப்பாங்க. மலையாளத்துல இதுக்குப் பேரு அது. நம்மாளுக கருடக்கொடிம்பாங்க. பாம்பு அண்டாதுன்னு வைப்பாங்கள்ல, அது."

"பாம்புக்கா வெச்சாங்க?"

சிரிப்பு அவன் முகத்தில் மெல்ல அடங்கியது. "இல்ல. வண்ணத்துப்பூச்சிக்கு. பெருசா, கருப்பும் மஞ்சளுமா ஒண்ணு இருக்கு. அதோட புழு இந்த எலையத் தவிர வேற எதையும் தொடாதாம். அதுக தின்னுட்டுப் போகட்டும்னு வெச்சா."

"திங்கவா?"

"திங்கத்தான்."

அவள் பூவைக் கீழே போட்டாள். அன்று முழுவதும் அவளுக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. தலைக்குப் பூ வைத்துக்கொண்ட பெண்ணோடு போட்டி போட்டுவிடலாம். தானும் வைத்துக்கொள்ளலாம், அதைவிடப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம். தனக்கு ஒன்றுமே வேண்டாமல், யாரோ வந்து தின்றுவிட்டுப் போகட்டும் என்று ஒரு செடியை நட்டவளை எதைக் கொண்டு ஜெயிப்பது? கோடை முழுக்கத் தான் குறைத்துக் குளித்து அந்தச் செடியைக் காப்பாற்றியது நினைவுக்கு வந்தது. பின்சி அவளைக்கொண்டே தன் வேலையைச் செய்துகொண்டுவிட்டாள்.

அடுத்த வாரம் புழுக்கள் வந்தன. கருஞ்சிவப்பில், உடம்பெல்லாம் சதை முள்ளோடு, பார்க்கவே கூசியது. இலையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே போயின. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு கத்தரீனாள் கொடியருகில் போய் நின்றாள். ஒரு நிமிஷ வேலை. கேட்டால் அவரைக்குத் தாவிவிடும் என்று பயந்தேன் எனலாம். புதிதாக வந்தவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுவான். அவள் குனிந்தபோது ஒரு புழு இலையின் நடு நரம்புவரை தின்று முடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, அடுத்த இலைக்காகக் காற்றில் இப்படியும் அப்படியும் தேடியது. அதற்கு எட்டவில்லை. மறுபடி தேடியது. பசி என்பது அவ்வளவு வெளிப்படையாக இருக்கக்கூடும் என்று அவள் நினைத்ததில்லை. கொடியின் நுனியைப் பிடித்து வளைத்து, ஒரு தளிரை அதன் வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். அது ஏறிக்கொண்டது. வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தாள்.

செப்டம்பர் கடைசியில், வேதமுத்து வேலைக்குப் போனபின் ஒரு காலையில், கொய்யாக் கிளையில் ஈரத் துணிபோல ஏதோ தொங்குவதைக் கண்டாள். பக்கத்தில் உடைந்த கூடு. அடுப்பை அணைத்துவிட்டு வந்து சருகுமேல் உட்கார்ந்துகொண்டாள். கசங்கிக் கிடந்தது கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. கறுப்பு, அதற்குள் மஞ்சள். குத்துவிளக்கின் சுடரைத் தேய்த்துவைத்ததுபோன்ற மஞ்சள். அவள் உள்ளங்கையைவிடப் பெரிது. வெயில் ஏறியதும் அது ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி, ஏலத்தோட்டத்துப் பக்கமாகப் போனது. சாயங்காலம் அவன் வந்தான், குளித்தான், சாப்பிட்டான். அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் முதலில் நினைத்துக்கொள்வது யாரை என்று அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் அவளுக்கென்று கிடைத்த முதல் பொருள் அது. பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. காலையிலேயே சிஞ்சு வந்துவிட்டாள். கையில் மெழுகுவர்த்திக் கட்டும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் இருந்தன. சிஞ்சு கத்தரீனாளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்காவுக்கு மலையாளத்தில் உள்ள சேச்சி என்ற சொல்லை அவள் பின்சிக்கு மட்டுமே வைத்திருந்தாள்.

கட்டன்சாயா குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தபின் சிஞ்சு சொன்னாள்: "அக்கா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக்கூடாது. சேச்சியோட அந்த முல்ல. அத வேரோட எடுத்துக் கல்லறையில நடலாம்னு. கோவில் அச்சன்கிட்ட கேட்டாச்சு. குருசுப் பக்கத்துல வெச்சா அதுவா படர்ந்துக்கும்."

கத்தரீனாள் வேதமுத்துவைப் பார்த்தாள். அவன் மண்வெட்டியை ஏற்கெனவே எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்திருந்தான்.

"உனக்கும் நல்லதுதான் கத்தரி," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்குப் புரியாம இல்ல. அந்த எடத்துல உன் மல்லி வெச்சுக்க. மழ தேங்காம மேடு கட்டித் தர்றேன்."

மூவரும் வேலியோரம் போனார்கள். சிஞ்சு ஓர் இலையைத் தொட்டாள். அவள் குரல் தாழ்ந்தது. "சேச்சி ஒண்ணக்கூடக் கண்டதில்ல அக்கா. நட்டதுலருந்து தெனமும் எல எலயா திருப்பிப் பாக்கும். ஒரு புழுகூட வரல. நான்கூடக் களியாக்கிச் சிரிப்பேன், புழுவுக்குக் கல்யாண லெட்டர் வெச்சியான்னு. ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் என்னையப் பாத்ததும் கேட்டது, புழு வந்துச்சாடின்னுதான்."

கத்தரீனாளுக்கு அந்தச் செப்டம்பர் காலை நினைவுக்கு வந்தது. அந்த மஞ்சள் கண்ணுக்குள் விரிந்தது. அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கமில்லாத, வயிறு நிறைந்த சந்தோஷம். அதன் பின்னால் வந்ததற்கு அவளிடம் பெயர் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சளான ஒரு முகம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்துவிடலாம். அவ்வளவு காத்திருந்தவளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தால் அடுத்த மழைக்கு அது சிலுவையில் ஏறும். புழு வரும். வேதமுத்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அங்கே நிற்பான். அவன் அண்ணாந்து பார்க்க, அவள் மண்ணுக்கு மேலே அந்த மஞ்சள் பறக்கும். இங்கே மேடு கட்டிய மல்லிகை பூத்துக்கொண்டிருக்கும்.

சிஞ்சுவின் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, காய்ந்த இலைபோல ஒன்று கொடித் தண்டில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரீனாளுக்குத் தெரியும், கூடு கட்டிய அன்றிலிருந்தே அவள் பார்த்துவருகிறாள். அதைக் காட்டினால் போதும். இருவரும் கையை எடுத்துவிடுவார்கள், மண்வெட்டி வீட்டுக்குப் போய்விடும், எல்லாருக்கும் நல்ல காரணமாக இருக்கும். பிறகு அதுவும் பின்சியுடையதாகிவிடும். அவள் காட்டவில்லை.

"வேண்டாம்," என்றாள்.

வேதமுத்து நிமிர்ந்தான். "இன்னைக்கு வேண்டாமா? சரி, மழ விடட்டும்—"

"எடுக்கவேண்டாங்க. இங்கயே இருக்கட்டும்."

"ஒரு கொம்பாவது குடு அக்கா. ஒடிச்சு வெச்சாலும் பிடிக்கும்."

"இல்ல சிஞ்சு. டேலியா எவ்வளவு வேணுமோ வெட்டிக்க."

சிஞ்சு வேதமுத்துவைப் பார்த்தாள். அவன் கத்தரீனாளைப் பார்த்துக்கொண்டு நின்றான், தெரியாத ஓர் ஆளை வாசலில் பார்ப்பதுபோல. அவள் வீட்டுக்குள் போய் அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தாள். காலையெல்லாம் மழை பெய்து மண் ஏற்கெனவே நனைந்திருந்தது. ஆனாலும் வேரைச் சுற்றி ஊற்றினாள். வெண்ணிறத் தண்ணீர் மண்ணில் இறங்காமல் தேங்கி நின்று, வழிந்து, சிஞ்சுவின் காலடியில் வெறுமையாக இருந்த தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடியது. காற்று இல்லை. கொடியில் ஓர் இலையும் அசையவில்லை. காய்ந்த இலைபோன்ற அது மட்டும் தன் நூலில் ஒருமுறை உதறிக்கொண்டு, மறுபடி அசையாமல் தொங்கியது.