ஏணியில் நிற்கும் திருடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மருந்துக்கடைக்கு விடுமுறை. பின்னறையில் இருமல் மருந்துப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டால் அதுதான் மேசை. அதன்மேல் விரித்த காகிதத்தில் இன்னும் நூறு வருஷம் கழித்து வரப்போகிற ஒரு நகரம் பென்சிலால் எழும்பி நின்றது. எழுப்பியவன் கடைக்காரத் தம்பி. கதையை அவன் நடத்துவான். அக்காவும் அவள் புருஷனும் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். ஏடாகூடமான இடம் வந்தால் பகடை முடிவு செய்யும்.

அவள் எடுத்திருந்த வேஷம் ஒரு திருடி. இரண்டு வருஷமாகக் கூரைக்குக் கூரை தாவி, ஒரு கீறல்கூட படாமல் வந்தவள். யாராக இருந்தாலும் எதிர்த்துப் பேசுவாள். இன்று பிடிபட்டால் தீர்ந்தது. பிடிபட்ட வேஷத்தின் விவரம் எழுதிய தாளைக் கிழித்துப் போடுவது ஆட்டத்தின் சட்டம். காலையில் துணி காயப்போடும்போதும் அவளுக்கு இதே நினைப்புதான். வெறும் தாள்தானே என்று சொல்லிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை.

ஆட்டத்துக்கு வெளியே அவளுக்குப் பதினாலு வருஷமாகக் கேமரா மாட்டுகிற வேலை. அதனால் வந்தது வினை. தம்பியின் நகரத்தில் முன்பெல்லாம் கேமராக்கள் சிவப்புக் கண்ணோடு தலையைத் திருப்பித் திருப்பித் திருடர்களைத் துரத்தும். "கேமராவா அது, மோப்ப நாயா?" என்று வாராவாரம் அவனைக் குடைந்து எடுத்தாள். அவனும் ரோஷக்காரன். மூன்று மாதம் ஆட்டத்தை நிறுத்திவைத்துக் கேமராக்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தான்.

"எட்டாவது மாடி வராந்தா. பெட்டகம் இருக்கற அறை கடைசில" என்றான். "ரெண்டு கேமரா. முதலாவது ஜன்னலுக்கு எதிர்ல."

"வெயில் நேரா அடிக்குமேடா. ஆளு வெறும் கறுப்பாத்தான் தெரியும்."

"தெரியும். அதான் ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கேன்."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. பகடையை உருட்டி, சுவரோடு சுவராக ஒட்டி, அந்தக் கேமராவை மயிரிழையில் தாண்டினாள்.

"நான் என்ன பண்றேன்?" என்றார் புருஷன். பஸ் ஓட்டுகிறவர், ஆட்டத்தில் ஒற்றைக் கை இயந்திர மனிதன்.

"நீங்க லிஃப்ட் கதவு மூடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க, மாமா."

"வாரம் பூரா பஸ் கதவு. இங்க வந்தாலும் கதவுதானா?"

"ரெண்டாவது எங்க பாக்குது?" என்றாள் அவள்.

"அது ஒட்டடைக் கம்பு பட்டு மேல திரும்பிக்கிச்சு. கூரை மட்டுந்தான் தெரியும். யாரும் இன்னும் கவனிக்கல."

தம்பி கனிந்து கொடுத்த வழி அது. அடியில் நடந்து போனால் போதும். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன முக்கோணமாக வரைந்திருந்த அந்தக் கேமராவும் கோணலாகவே இருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"அங்க ஏணி இருக்கா?"

"மூலைல ஒண்ணு சாஞ்சிருக்கு."

"அத எடுத்துப் போட்டு ஏறறேன். ஸ்க்ரூவ லேசாத் தளர்த்தி, வாசல் முழுசாத் தெரியற மாதிரி கீழ இறக்கறேன்."

"எதுக்கு?" என்றார் புருஷன்.

"கோணலா இருக்குல்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. தம்பி பென்சிலைக் கீழே வைத்தான்.

"அக்கா, கீழ காவல் அறைல திரை பூரா இப்ப உன் மூஞ்சிதான். மூக்குத் துவாரம் வரைக்கும் தெரியுது." அவளுடைய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆனால் கிழிக்கவில்லை. "எல்லாம் நிஜம் மாதிரி இருக்கணும்னு நீதான கேட்ட? அங்க ஒருத்தன் உக்காந்து உன்னப் பாக்கறான். நிஜத்துல அவன் என்ன பண்ணுவான்? நீயே சொல்லு. தப்பிக்கறதுக்காகப் பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

மருந்துகளைக் குளிரில் வைத்திருக்கிற பெட்டி மூலையில் முனகிக்கொண்டிருந்தது. ஓடி வருவான், மணி அடிப்பான் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. கண்காணிப்பு என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும். அவள் மாட்டியதெல்லாம் அதற்காகத்தானே.

"ஒண்ணும் பண்ண மாட்டான்" என்றாள்.

"அக்கா."

"ஒரு தடவ வேலைக்குத் தப்பான கட்டடத்துக்குப் போயிட்டேன்டா. அஞ்சு கேமராவக் கழட்டி, வேற இடத்துல மாட்டிட்டு வந்தேன். யாரு, எவருன்னு யாரும் கேக்கல. காவலுக்கு இருந்தவர் ஏணிய ஆடாமப் பிடிச்சுக்கிட்டார்."

"எங்கிட்ட இத நீ சொல்லவே இல்லையே" என்றார் புருஷன்.

"சொல்லிக்கிற மாதிரியாங்க இருக்கு?"

அவர் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். ஏணியில் நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை என்பது அவளுக்கு எப்போதும் தெரிந்த சங்கதிதான். மேசையில் போட்டு உடைத்தபோது கொஞ்சம் சுருக்கென்றது.

தம்பி பகடையைக் கையில் எடுத்தான். உருட்டாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தான். பிறகு ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குரலை மாற்றினான். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒரு காவல்காரரின் குரல்.

"வராந்தா ஸ்பீக்கர்ல கரகரன்னு கேக்குது. 'மேடம், இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஆங், அப்படியே. போதும்.'"

தாள் பலகைமேல் வழுக்கிக்கொண்டு அவளிடம் திரும்பி வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்க்ரூவ முடுக்கிட்டு இறங்கறேன். கதவத் திறந்து பெட்டகத்துக்குப் போறேன்."

"அவன் இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கான்."

"பாக்கட்டும். ஏணியையும் தூக்கிக்கிட்டுத்தான் உள்ள போறேன்."