எவெர்ட்டுக்குக் கிடைத்த வாழ்த்துகள்

பீரங்கி வெடித்தது.

வாஹல் ஆற்றின் கரைமேட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த எவெர்ட்டுக்குக் காது அடைத்துப்போனது. சைக்கிள் ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் போக, கடைசியில் இரண்டும் சரிவின் அடியில் செந்தட்டிச் செடிகளுக்கு நடுவே சேர்ந்து கிடந்தன. அறுபத்தொன்பது வயதில், இருக்கிற ஒரே நல்ல சூட்டைப் போட்டுக்கொண்டு விழுகிற இடம் அல்ல அது.

"அப்பா, அடி பட்டுதா?" மகள் ரூலின் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். வெளிர்மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். சைக்கிள் கூடையில், வழியில் ஒரு பண்ணை வாசலில் வாங்கிய டாலியாப் பூக்கள்.

அவளுக்கு முன்னால் டோர்ன்வார்ட் கோட்டையிலிருந்து ஆறு பேர் ஓடிவந்துவிட்டார்கள். பழைய காலத்துச் சிப்பாய் உடுப்பு. பீரங்கியைக் கவனிக்கும் தொண்டர்கள். முன்னால் வந்தவருக்கு ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. நேத்து ஒத்திகையில மருந்து நனைஞ்சு புஸ்ஸுன்னு போச்சு. அந்தக் கோவத்துல இன்னிக்கு ஒரு கை கூடப் போட்டுட்டேன்" என்று எவெர்ட்டைத் தூக்கி நிறுத்தினார். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். "மகளுக்கு வாழ்த்துகள்."

மற்ற ஐந்து பேரும் வரிசையில் வந்து கை குலுக்கினார்கள். "மகளுக்கு வாழ்த்துகள்." "வாழ்த்துகள் ஐயா." ரூலினுக்குக் கன்னத்தில் மும்மூன்று முத்தம். அவள் எல்லோருக்கும் நிதானமாக நன்றி சொன்னாள்.

எவெர்ட்டுக்குக் கையும் எரிந்தது, தலையும் சுற்றியது. மகளுக்கு என்ன?

ஒருவருக்கு நல்லது நடந்தால் அவர் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மச்சானுக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கை கொடுக்கிற ஊர் இது. என்ன விசேஷம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வந்திருக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? எவெர்ட் மனசுக்குள் நாள்காட்டியைப் புரட்டினார். ரூலினின் பிறந்தநாள் மார்ச்சில். இது செப்டம்பர். புது வேலையா? புது வீடா?

வேறொரு அப்பாவாக இருந்தால், என்னம்மா விஷயம் என்று கேட்டுவிடலாம். எவெர்ட் கேட்க முடியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நீர் வாரியத்திலிருந்து காஸ்பர் என்றொரு பையன் வந்து, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டான். ஆற்றுக்கு இடம் போதவில்லையாம். கரையைப் பின்னால் தள்ளப்போகிறார்களாம். எவெர்ட்டின் வீடும் பேரிக்காய்த் தோப்பும் கோட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது தண்ணீருக்குள். தோப்பு போய், ஊருக்குள் மூன்றாவது மாடியில் ஒரு வீடு வந்தது. அதைக்கூட அவர் விழுங்கிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து ரூலின் வந்து, அதே காஸ்பரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "நீலப் பென்சிலுக்கு என் பொண்ணா?" என்றார். கல்யாணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்த்தார். மனைவி டிரூஸ் தனியாகப் போய்வந்தாள்.

போன குளிர்காலத்தில் டிரூஸ் இறந்தபோதுதான் அப்பாவும் மகளும் கிட்டத்தில் நின்று பேசினார்கள். போன வாரம் ரூலின் போன் செய்தாள். சனிக்கிழமை பழைய கோட்டைகளையெல்லாம் திறந்துவைக்கிறார்கள், நாம ரெண்டு பேர் மட்டும் சைக்கிள்ல ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா?

இது பரீட்சை என்று எவெர்ட்டுக்குத் தெரியும். பெற்ற மகளுக்கு என்ன விசேஷம் என்றே தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தால் அடுத்த போன் வராது.

"ஆமா ஆமா, ரொம்ப நன்றி" என்று ஆறு பேருக்கும் சிரித்துவைத்தார்.

கோட்டைக்குள் காபி கொடுத்த அம்மாள் ஆப்பிள் கேக்கையும் சும்மாவே நீட்டினாள். இந்தப் பக்கத்தில் சும்மா கேக் கொடுத்தால் விஷயம் பெரியது.

"ராத்திரி தூங்கினாளா?" என்று காதோடு கேட்டாள்.

"ஏதோ, கொஞ்சம்."

"எனக்கெல்லாம் ரெண்டு நாள் பொட்டுத் தூக்கம் இல்ல. வயித்துக்குள்ள ஏதோ புரண்டுக்கிட்டே இருந்துச்சு."

எவெர்ட்டின் கரண்டி பாதியில் நின்றது. வயிறா?

அங்கிருந்து கிளம்பியபோது அவர் முகமே மாறியிருந்தது. ரூலினின் பையையும் வாங்கித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார்.

"மெதுவா மிதிம்மா."

"ஏன்ப்பா?"

"எதிர்காத்து."

"காத்து முதுகுலதான் அடிக்குது."

"அப்பவும் மெதுவா போ. இந்தா, இன்னொரு சீஸ் ரொட்டி சாப்பிடு. இந்த நேரத்துல..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எந்த நேரத்துல?"

"பதினோரு மணி நேரத்துல."

ரூலின் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

எவெர்ட்டுக்கு ஒரு பக்கம் நெஞ்சு பூரித்தது, ஒரு பக்கம் குத்தியது. கோட்டைக்காரனுக்கும் காபிக்காரிக்கும் தெரிந்த சேதி தாத்தாவாகப் போகிறவனுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆற்றைக் கடக்கும் படகில் படகுக்காரர் டிக்கெட் கிழிக்க மறுத்துவிட்டார். "போங்க பெரியவரே. இன்னிக்கு உங்ககிட்ட காசு வாங்கினேன்னு தெரிஞ்சா என் வீட்டுக்காரி என்னைப் பிடிச்சு ஆத்துல தள்ளிடுவா."

படகு நடு ஆற்றுக்கு வந்ததும் ரூலின் கையை நீட்டினாள். "அதோ சிவப்பு மிதவை தெரியுதா? அங்கதான் நம்ம சமையலறை."

எவெர்ட் இந்தப் பக்கம் வந்து எட்டு வருஷம் ஆயிற்று. தலையைத் திருப்பாமலே இருந்துவிடலாம் என்றுதான் படகில் ஏறியிருந்தார். திரும்பிப் பார்த்தார். மிதவை மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"பேரி மரமெல்லாம்?"

"அதுக்கு அந்தாண்ட. தண்ணி வத்துனா அடிக்கட்டை தெரியும்."

எவெர்ட் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "அந்தப் பையன்... காஸ்பர். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வா."

"திடீர்னு என்னப்பா?"

"திடீர்னு ஒண்ணுமில்ல. பட்டாணி சூப்புதான் வைப்பேன், சொல்லிட்டேன்."

"அவருக்குப் பட்டாணி பிடிக்காது."

"அப்படின்னா பாக்கெட் சூப். ரெண்டுல ஒண்ணு குடிக்கச் சொல்லு."

காலையிலிருந்து அப்போதுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அக்கரையில் மேரன்ஸ்டைன் மாளிகைக் கோட்டை. அகழி மேல் பாலத்தின் இரண்டு பக்கமும் தொப்பியும் பட்டுமாகக் கூட்டம். "வந்துட்டாங்க" என்று யாரோ கத்த, ஒருவன் ஓடிவந்து போட்டோ எடுத்தான். எவெர்ட் பிரேக்கைப் பிடித்தார். வயிற்றுப்பிள்ளைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

வாசலில் கறுப்பு அங்கி போட்ட பதிவாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். பொண்ணோட அப்பாதானே? உள்ள போங்க. கதவை மட்டும் சாத்திடாதீங்க, கல்யாணம்னா கதவு திறந்திருக்கணும்னு சட்டம். கோட்டை பாக்க வந்தவங்க எட்டிப் பாத்தாலும் கண்டுக்காதீங்க."

"கல்யாணமா? இவளுக்குத்தான் ஏற்கெனவே..."

தொப்பி வைத்த பருத்த அம்மாள் ஒருத்தி ரூலினை மேலும் கீழும் பார்த்தாள். "யாருங்க இது? இது நம்ம மாரிட் இல்லையே."

அப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. வெள்ளைக் கவுனில் ஒரு பெண், முழங்கை வரைக்கும் கறுப்பு மசகு. பின்னால் சூட் போட்ட ஒரு மனிதர், வியர்த்து விறுவிறுத்து.

"சங்கிலி அறுந்துபோச்சு" என்று அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். "பீரங்கியும் வெடிக்கல. நானும் அப்பாவும் சைக்கிள்ல வர்றதப் பாத்ததும் வெடிக்கிறோம்னு சொன்னாங்க. போய்ப் பாத்தா மீசைக்காரர் தலையில கைவெச்சு உக்காந்திருக்கார். இருந்த ஒரு வெடியையும் வேற யாருக்கோ வெச்சுட்டாங்களாம்."

அத்தனை தலைகளும் எவெர்ட் பக்கம் திரும்பின. யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, பாலமே சிரித்தது. எவெர்ட்டின் காது மடல் வரை சிவந்தது. காலையிலிருந்து வாங்கிய ஒவ்வொரு கைகுலுக்கலும், அந்தக் கேக்கும், படகு டிக்கெட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் மணப்பெண்ணின் அப்பாவிடம் கையை நீட்டினார். "மகளுக்கு வாழ்த்துகள்."

"உங்களுக்கும்" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

கூட்டம் உள்ளே போனது. எவெர்ட் ரூலினை அகழியோரம் தள்ளிக்கொண்டு போனார். "அப்ப நீ... குழந்தை, கிழந்தை..."

"என்ன குழந்தை?" என்றவளுக்கு மெல்லப் புரிந்தது. முகம் வாடியது. "ஓ. அதுக்குத்தான் காஸ்பரைக் கூப்பிட்டீங்களா?"

எவெர்ட் சூட்டில் ஒட்டியிருந்த செந்தட்டி இலையைப் பிய்த்துப்போட்டார். "எதுக்குக் கூப்பிட்டா என்ன? கூப்பிட்டது கூப்பிட்டதுதான். ஞாயிறு பன்னெண்டரைக்கு. லேட்டா வந்தா ஆறிடும்."

அவள் தலையாட்டினாள்.

"இந்தக் கூத்து உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல்லயே. பீரங்கியில கல்யாணத்துக்குக் கட்டுற வெள்ளை ரிப்பன் கட்டியிருந்துச்சு. விழுந்த அதிர்ச்சியில நீங்க கவனிக்கல."

"பாவி. அப்ப ஏன் வாயைத் திறக்கல? அத்தனை பேர்கிட்டயும் பல்லைக் காட்டிட்டு நின்னேனே."

ரூலின் அகழித் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "என் கல்யாணத்தன்னிக்கு வந்தவங்கல்லாம் கை குடுக்க உங்களைத் தேடினாங்கப்பா, அதான் இன்னிக்காவது குடுக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."