ஒன்பது மரத்துக்கும் ஒரே முகம்

தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் இலையின் மரபணுவைச் சோதிக்கும் அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அங்கே வளர்த்த அரிய பனை இனத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் ஒன்றும் ஆண் பத்துமாக மிஞ்சியிருந்தபோதே, சமையலறை மேல் சாய்கிறதென்று ஓர் ஆண் மரத்தை வெட்ட வைத்தாள். "இன்னும் ஒம்பது மாப்பிள்ளை இருக்காங்களே, அவளுக்கென்ன குறைச்சல்?" என்று சிரிப்பு வேறு.

இரண்டு வருஷம் கழித்து, அதன்பின் விட்ட பாளையில் காய்த்து முளைத்த நாற்பது கன்றுகளைச் சோதித்தவள் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பதுக்கும் தகப்பன் ஒருவனே. வெட்டுண்டவன்.

ஒரே தகப்பன் பிள்ளைகளாக நட்டால் ஒரு நோய் போதும், வம்சமே சுருண்டுவிடும். தாய் மரத்துக்கோ குருத்து வாடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பாளை விட்டாலே பெரிய விஷயம்.

மரமேறி மகரந்தம் ஊதுகிற கொழுந்தன்மேல் பாய்ந்தாள்.

"ஊதுற குப்பியைக் கழுவினியா?"

"கழுவினா ராசி போயிடும் அண்ணி."

"உன் ராசியில இடி விழ! பழைய தூள் ஒட்டியிருந்திருக்கு."

"ரெண்டு வருஷமாவா? சில மாசத்துலயே செத்துடும்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

பழைய குப்பியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். புதுக் குப்பி வந்தது. கடைசிப் பாளைக்கு உறை மாட்டி, ஒன்பது மரத்து மகரந்தத்தையும் தானே அளந்து கொடுத்தாள். பிஞ்சு பிடித்ததும் நாலைந்தை அறுத்து, கருவைச் சோதித்தாள்.

அவனேதான்.

அப்போதுதான் அந்த ஒன்பது ஆண்களின் ஓலையையும் கேட்டாள். பழைய கோப்பில் ஒன்பதுக்கும் ஒன்பது விதமான மரபணுக் கோடுகள், ஒன்பது முகம் மாதிரி. இன்று ஒன்பதும் ஒன்றே, வெட்டுண்டவனின் முகம்.

"சோம்பேறி, எல்லாத்தையும் ஒரே மரத்துல அறுத்தியா?"

"முட்டி தேய ஒம்பது மரம் ஏறியிருக்கேன் அண்ணி!"

மறுநாள் அவளே ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, கண்ணெதிரே அறுக்கச் சொல்லி வாங்கிப் போனாள். முடிவு மாறவில்லை. 

பிஞ்சு உறையைச் சரிசெய்யத் தாய் மரத்தில் ஏறிய கொழுந்தன், உச்சியிலிருந்து குனிந்தான்.

"அண்ணி, இவளோட ஓலையும் ஒண்ணு போடட்டுமா? பார்த்துடலாமே."

காற்றே இல்லை. ஆனாலும் மேலே ஓலைகள் மெல்ல உரசிக்கொண்டன.

"வேணாம். கத்தியை இடுப்புல சொருகிட்டு எறங்கு."

"ஏன் அண்ணி?"

"ஒருத்தியாவது வேறன்னு அறிக்கையில எழுதணும்ப்பா."