ஹேண்ட் பிரேக் முனீஸ்வரர்

காரை எங்கே நிறுத்துவது என்கிற கவலை சேகரனுக்கு ஐம்பது வயது வரை வந்ததே கிடையாது. கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து, மைசூரில் போகாதி ரோட்டைத் தாண்டி அவர் வீடு கட்டினபோது அந்தத் தெருவில் மொத்தமே நாலு வீடு, ஒரு புங்கமரம், ஏகப்பட்ட மயில். மனை சின்னது. காம்பவுண்டுக்குள் கார் நுழையாது. நுழையாவிட்டால் போகட்டுமே, வாசலுக்கு எதிரே புங்கமர நிழல் இருக்கிறது. தன் பழைய மாருதியை அங்கே விட்டால் வெயிலும் படாது, ஏனென்று கேட்கவும் ஆளில்லை.

மாருதிக்கு ஒரே ஒரு குறை, ஹேண்ட் பிரேக் பிடிக்காது. தெருவோ நல்ல சரிவு. அதனால் முன்சக்கரத்துக்கு அண்டக்கொடுக்கப் பூசணிக்காய் அளவில் ஒரு கருங்கல்லைச் சேகரன் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து வைத்திருந்தார். மைசூர் ஹெப்பால் தொழிற்பேட்டையில் அவருக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. காலையில் காரை எடுத்துக்கொண்டு போகும்போது கல் அங்கேயே கிடக்கும். பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற மாதிரி. சாயங்காலம் வந்தால் இடமும் இருக்கும், கல்லும் இருக்கும்.

அப்புறம் வளர்ச்சி வந்தது. சும்மா வரவில்லை, ஜேசிபியில் ஏறி வந்தது. தெருக்கோடியில் பதினாலு மாடிக் கட்டிடத்துக்குக் குழி தோண்டினார்கள். அதற்குள் மேட்டில் பிள்ளைகள் தங்க ஒரு பிஜி, அதற்குக் கீழே காபியில் இலைப்படம் போட்டுக் கொடுக்கிற ஒரு கடை, அந்தக் காபியைப் போட்டோ எடுக்க வருகிறவர்களின் வண்டிகள். மயில்கள் நல்ல புத்திசாலிகள், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. மனிதர்கள் சங்கம் வைத்தார்கள். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் பசவராஜ்தான் தலைவர். வாராவாரம் கூட்டம் போட்டு, "இதை நாம விடக்கூடாது ரீ!" என்று பாதிக் கன்னடத்தில் முழங்கி மேஜையைத் தட்டுவார். போண்டா தீர்ந்ததும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

சேகரனுக்குப் பதினாலு மாடியைப் பற்றியெல்லாம் கவலையில்லை. நாற்பது மாடி கட்டட்டும், நிலா வரைக்கும் கட்டட்டும். அவருக்கு வேண்டியது புங்கமரத்தடி. ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் அங்கே சிமென்ட் லாரி நிற்கிறது. கல் சாக்கடை ஓரம் கிடக்கிறது. வயிறு எரிந்துபோய் சைட் இன்ஜினியர் உமேஷிடம் போய்க் கத்தினார்.

"ரோடு என்ன உங்க அப்பா வீட்டு ரோடா சார்?" என்றான் உமேஷ், மரியாதையாகத்தான்.

மறுநாளும் லாரி. அதற்கு மறுநாள் ஜல்லிக் குவியல். சேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே சீரியல் பார்த்துக்கொண்டு கண் சொக்கியிருந்த நேரம், அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வராமலே இருந்திருக்கலாம். ஜல்லியும் தீர்ந்து இடம் காலியாக இருந்தது. கல்லை உருட்டிக்கொண்டுவந்து பழைய இடத்தில் நிமிர்த்தி வைத்தார். சமையலறையிலிருந்து மஞ்சள்பொடியைத் திருடிக் குழைத்துப் பூசினார். நெற்றி மாதிரி இருந்த இடத்தில் குங்குமம் வைத்தார். 'இப்ப எவன் நகர்த்துறான் பார்ப்போம்டா' என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார்.

ஒருத்தனும் நகர்த்தவில்லை. அதுவரைக்கும் கணக்கு சரி.

மறுநாள் காலையில் வந்த லாரி கல்லுக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கிச் செருப்பைக் கழற்றினான், கும்பிட்டான், வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். ஜன்னலில் நின்று பார்த்த சேகரன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த காபி வேட்டியில் கொட்டியது. ஆனால் சாயங்காலம் காரைத் திருப்பிக்கொண்டு வந்தால், கல்லுக்கு முன்னால் கோலம்! கோலத்தில் விளக்கு! கட்டிட வேலைக்கு வந்திருக்கும் தர்மபுரிக்காரி மாரியம்மா கல்லுக்குச் செவ்வந்திச் சரம் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தள்ளு தாயி, வண்டி விடணும்" என்றார் சேகரன்.

"ஐயோ அண்ணே, முனீஸ்வரன் முன்னாடியா வண்டிய விடுவாங்க?" மாரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருக்காரு. நீங்க குடுத்து வெச்சவங்க!"

குடுத்து வைத்தவர் காரை மேட்டிலிருக்கும் தண்ணீர்த்தொட்டி பக்கம் கொண்டுபோய் விட்டு, சக்கரத்துக்கு அரைச் செங்கல் ஒன்றைக் கொடுத்துவிட்டு நடந்து வந்தார்.

வீட்டில் மனைவி மகேஸ்வரி காத்திருந்தாள். "ஏனுங்க, மஞ்சப்பொடி டப்பா காலியாக் கெடக்குது. வெளிய முனீஸ்வரன் மஞ்சளா மின்னறாரு. எனக்கு ஒண்ணும் புரியலைன்னு நெனைச்சீங்களா?"

"பார்க்கிங்குக்காகப் பண்ணினேன் புள்ள..."

"பண்ணீட்டீங்கல்ல? இனி போய் அழிச்சுப் பாருங்க, தெருவே வந்து மொத்தும்." வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நானும் காலைல ஒரு வேண்டுதல் வெச்சேன். மாடிக் குழாய்ல தண்ணி வரோணும்னு. வந்துருச்சுங்க!"

லாரி நின்றதும் தண்ணீர் வந்ததும் ஊர் முழுக்கப் பரவிப்போனது. சங்கத்தார் போண்டாவை விட்டுச் சுண்டலுக்கு மாறினார்கள். கல்லை இருந்த இடத்திலேயே சிமென்ட் வைத்துப் பதித்துச் சுற்றிலும் கிரானைட் போட்டார்கள். கிரானைட் யார் கொடுத்தது? உமேஷ்தான். லாரியைத் தடுத்த சாமிக்கு லாரிக்காரனே கல் கொடுக்கிறான், கேட்டுக்கொள்ளுங்கள்! அவனுக்கென்ன நஷ்டம், பதினாலு மாடியின் விளம்பரப் பலகையில் 'புகழ்பெற்ற முனீஸ்வரர் சன்னதி நடை தூரத்தில்' என்று ஒரு வரி கூடியது. அமாவாசைக்கு அமாவாசை கூட்டம். பூக்கடை, தேங்காய்க் கடை, செருப்பு பார்த்துக்கொள்ள ஒரு ஆள். வண்டிகள் ரிங் ரோட்டிலிருந்தே முட்டிக்கொண்டு நின்றன. தெருவில் வண்டி வரக்கூடாது என்று மேஜையைத் தட்டின பசவராஜே கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு வண்டிகளை வரிசை கட்டினார். மனுசன் முகத்தில் அப்படி ஒரு தேஜஸ். பேங்கில் இருந்த காலத்தில்கூட அவர் பேச்சை இத்தனை பேர் கேட்டதில்லை.

சேகரன் மட்டும் தினமும் மேட்டிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்து, தன் கல்லைத் தானே ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். சுற்றாமல் போனால் செருப்பு பார்க்கிற ஆள் முறைத்தான்.

தசரா வந்தது. ஆயுத பூஜையன்று தெருவில் ஆட்டோவும் வேனும் டிராக்டருமாக மேட்டிலிருந்து வரிசை. ஒவ்வொரு வண்டியாக இறங்கிவந்து முனீஸ்வரர் முன்னால் பூஜை போட்டுக்கொண்டு போகவேண்டும். வரிசையில் நிற்கிற வண்டிகளைத் தள்ளி ஒதுக்கத் தோதாக எல்லோரும் நியூட்ரலில் விடும்படி பசவராஜ் மைக்கில் சொல்லியிருந்தார். மாருதியும் மேட்டில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் மகேஸ்வரி.

சேகரன் கீழே வந்தார். அன்றைக்குப் பார்த்து யாரோ பெங்களூர்க்காரர் கப்பல் மாதிரி ஒரு காரைக் கொண்டுவந்து புங்கமர நிழலில், சேகரனின் அதே இடத்தில், முதல் ஆளாகப் பூஜை போட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சேகரனுக்குள் இத்தனை மாதம் அடக்கிவைத்தது பொங்கிவிட்டது. நேரே பசவராஜ் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்க! இது என் கார் கல்லு! ஹேண்ட் பிரேக் இல்லாததால சக்கரத்துக்கு வெச்சிருந்த கல்லு! மஞ்சள் பூசினது நான்!"

பசவராஜ் அவர் தோளில் கை போட்டார். "சேகரன் அவ்ரே, கோயில்ல இருக்கற எல்லாக் கல்லும் முன்னாடி யாரோ ஒருத்தர் கல்லுதான். சுண்டல் சாப்பிடுங்க."

"எனக்குச் சுண்டல் வேண்டாம்யா! என் இடம் வேணும்! என் வண்டி நிக்கற இடம்!"

மேட்டில் அந்நேரம் மகேஸ்வரி, பூஜைக்கு நிற்கிற வண்டிக்கு அரைச் செங்கல் அசிங்கமாக இருக்கிறதே என்று பார்த்தாள். கீழே போனால் கூட்டத்தில் நேரமாகும், எலுமிச்சம்பழத்தை இங்கேயே வைத்துவிடலாம் என்று தோன்றியது. செங்கல்லை எடுத்துச் சாக்கடையில் போட்டாள். அதற்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துப் பொட்டிட்டாள். கும்பிட்டுக் கண்ணைத் திறந்தபோது பழங்கள் பிதுங்கிக் கிடந்தன. காரைக் காணோம்.

மாருதிக்கு முன்னால் நின்ற ஆட்டோ அப்போதுதான் இறங்கிப் பூஜை முடித்து நகர்ந்திருந்தது, கீழே வரை தெரு காலி. மாருதி வாழைக்கன்றை ஆட்டிக்கொண்டு, உள்ளே ஆளே இல்லாமல், ஊர்வலம் மாதிரி இறங்கி வந்தது. "வழி விடு! வழி விடு!" என்று ஜனம் சிதறியது. மாரியம்மா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சேகரன் மைக்கோடு குறுக்கே பாயப் போனார். பசவராஜ் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டார், வேட்டி பாதிதான் சேகரனோடு வந்தது.

கார் புங்கமரத்தடிக்கு வந்தது. முன்சக்கரம் கல்லில் மெதுவாக முட்டியது. பழகின இடம், பழகின கல். ஒரு குலுக்கல் குலுங்கி நின்றது.

மாரியம்மாதான் முதலில் குரல் கொடுத்தாள். "சாமி வண்டிய வரச்சொல்லிருச்சு! காலத் தொட்டுக் கும்பிட்டு நிக்குது பாருங்க!"

அவ்வளவுதான், குலவை, விசில், கற்பூரம். பசவராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கேட்டீங்க சேகரன் அவ்ரே, சாமி இடம் கொடுத்தாச்சு! இனி இது முனீஸ்வரரோட வாகனம். நகர்த்தினா தெய்வக் குத்தம்." உமேஷ் அங்கேயே, காருக்கு மேல் தகரக் கூரை தன் செலவு என்று அறிவித்தான். இடுப்பில் அரை வேட்டியோடு நின்ற சேகரன் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது.

இப்போது சேகரன் ஹெப்பாலுக்கு டவுன் பஸ்ஸில் போகிறார், நின்றுகொண்டு. சாயங்காலம் வந்து புங்கமரத்தடியைப் பார்ப்பார். காருக்குக் கூரை, சுற்றிலும் கம்பி வேலி, பம்பரில் பட்டு. ஒரு நாள் மனசு கேட்காமல் கதவைத் திறந்து, பழைய சீட்டில் அஞ்சு நிமிஷம் உட்காரப் போனார்.

"ஐயா, செருப்பு!" என்றான் செருப்பு பார்க்கிற ஆள்.

சேகரன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். மைசூரிலேயே வேறு எவனாலும் பிடிக்க முடியாத பார்க்கிங் அவருடையதுதான். என்ன, வண்டியைத்தான் வெளியே எடுக்க முடியாது.